வழக்கிழந்த பேய்கள்: தமிழ்ப் பேய்க்கதைத் தொகுதிகளும் வாசக ஈர்ப்பும்

தமிழ்ச் சிறுகதை வரலாறுகள் சமூகக் கதை, உளவியல் கதை, வரலாற்றுக் கதை எனப் பல பகுப்புகளுக்கு இயல்கள் ஒதுக்கியுள்ளன. பேய்க்கதைக்கு அத்தகைய இடம் பெரும்பாலும் கிடைக்கவில்லை. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' குறித்துப் பேச நேரும்போது மட்டும் அது விதிவிலக்காகக் குறிக்கப்பட்டு, பின்னர் மறக்கப்படுகிறது. ஆயினும் பேய்க்கதை நூல்கள் வாசகரை இழந்ததில்லை. பேயில் நம்பிக்கையற்றோரும் அவற்றை விரும்பிப் படிக்கின்றனர்; ஒரு கதை முடிந்ததும் அடுத்ததற்குச் செல்கின்றனர். இவ்வீர்ப்பின் வேர் எங்குள்ளது, அச்சு ஊடகச் சிறுகதை அதில் எதனை மாற்றியது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

அச்சம் தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் வைத்து, அது தோன்றும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினைக் கூறுகிறது. இவற்றுள் முதலில் நிற்பது அணங்கு. புறத்திணையில் பேய் களத்தின் உரிமையாளராகவே வருகிறது. புண்பட்டுக் கிடக்கும் வீரனைப் பேய் தீண்டாவாறு மனையில் வேம்பு செருகி, ஐயவி சிதறிக் காக்கும் காட்சியை அரிசில் கிழாரின் புறநானூற்றுப் பாடல் (281) காட்டுகிறது. கலிங்கத்துப் பரணியில் பேய்களுக்குத் தலைவி உண்டு, முறையீடு உண்டு, பசி உண்டு, சமையலும் உண்டு. காரைக்காலம்மையார் தம்மைப் பேயெனவே கூறிக்கொள்கிறார். இச்சான்றுகளைத் திரட்டித் தருதல் எளிது, பலரும் தந்துள்ளனர். இவ்விடங்களில் எல்லாம் பேய்க்கு ஓர் இடமும் ஒரு காரணமும் இருந்தன என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

அக்காரணம் ஒரு வழக்காகவே வடிவெடுக்கும் கதை பழையனூர் நீலியுடையது. திருவாலங்காட்டுப் பதிகத்தில் ஞானசம்பந்தர் சுட்டும் அளவுக்கு, ஏழாம் நூற்றாண்டிலேயே அது அறியப்பட்ட செய்தியாக இருந்தது. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகிறாள். கொன்றவன் மறுபிறவியில் வணிகனாகிப் பாதுகாப்புக்கு ஒரு வாளுடன் வழிநடக்கிறான். அவன் மனைவியின் உருக்கொண்டு, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவள் பழையனூர் வேளாளர் எழுபதின்மர் அவைக்கு வருகிறாள். தன் கணவன் தன்னை விட்டு ஓடுவதாக முறையிடுகிறாள். குழந்தை அவனைத் தந்தையெனத் தாவுகிறது. அவையோர் அவள் பக்கம் தீர்ப்பளித்து, வாளை அகற்றி, தீங்கு நேர்ந்தால் தாங்களும் உயிர்விடுவதாக வாக்களிக்கின்றனர். விடியலில் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் தீப்புகுகின்றனர்.

இக்கதையின் ஆழம் போதிய அளவு பேசப்படவில்லை. நீலி அவையில் கூறும் செய்தி பொய். அவளிடம் உள்ள குறையோ மெய். மெய்யான குறையைப் பொய்யான சான்றால் நிறுவும் வழக்கு இது. கொலையுண்டபோது அவளுக்காகக் கூடாத அவை, பேயாகி வந்தபின் கூடுகிறது. தீர்ப்பு வழங்கியவர்களும் அத்தீர்ப்புக்கு விலை தர நேர்கிறது. கேட்போர் உள்ளத்தில் எஞ்சுவது பேயின் கொடுமையைவிட இச்சிக்கலே. தென்மாவட்டங்களில் நீலி இசக்கியோடு இணைந்து வில்லுப்பாட்டில் பாடப்படுவதும், அவளுக்குப் படையலிடப்படுவதும் இதன் தொடர்ச்சியே. படையல் என்பது ஒருவகையில் நிலுவைத் தீர்ப்பு. நீலகேசியின் ஆசிரியர் இவளையே சமண முனிவரிடம் அனுப்பிச் சமயவாதியாக மாற்றியதும் தற்செயலன்று. வாதாடத் தெரிந்த பேய் தமிழில் முன்னரே இருந்தது.

வேதாளக் கதைகளில் நிலை தலைகீழாகிறது. நீலி அவைமுன் நிற்பவள். வேதாளமோ தீர்ப்பு கேட்பது. அரசன் தோளில் பிணத்தைச் சுமந்து நடக்க, பிணத்துள் இருக்கும் வேதாளம் கதை சொல்லி, இறுதியில் யார் செய்தது முறை என வினவுகிறது. விடை தெரிந்தும் கூறாவிடில் தலை வெடிக்கும். கூறினால் மௌனம் கலைந்து வேதாளம் முருங்கை ஏறும். பதினோராம் நூற்றாண்டில் சோமதேவரின் கதாசரித்சாகரத்தில் இடம்பெற்ற இத்தொகுப்பு தமிழில் வேதாளக் கதையாக வழங்கியது. அத்தமிழ் வடிவத்தைப் பாபிங்டன் ஆங்கிலத்தில் பெயர்த்து 1831இல் இலண்டனில் வெளியிட்டார். 'மீண்டும் வேதாளம் முருங்கை மரம் ஏறியது' என்னும் வழக்கு, கதை அறியாதோர் நாவிலும் உள்ளது.

தொகுதி என்னும் வடிவின் ஈர்ப்பை விளங்கிக்கொள்ள இச்சட்டகக் கதை பெரிதும் உதவுகிறது. கதைகள் குறுகியவை, ஒவ்வொன்றும் ஒரு நடையில் முடிபவை. முடிந்தவுடன் சுமை கைவிட்டுப் போய், மீண்டும் முதலிலிருந்து நடக்க வேண்டியதாகிறது. அச்சம் நீண்ட நேரம் தங்காது. ஒரே இருப்பில் படித்து முடிக்கத்தக்க அளவிலேயே அது செறிவுறும். எட்கர் ஆலன் போ 1842இல் ஹாதார்னின் கதைகளை மதிப்பிடுகையில் சிறுகதைக்குக் கூறிய ஒருமை விளைவு என்னும் இலக்கணம் பேய்க்கதைக்கே முழுவதும் பொருந்துகிறது. ஆனால் போவின் விளக்கம் ஒரு கதைக்கு உரியது. அடுத்த கதையை நோக்கி வாசகரைத் தள்ளுவது எது என்பதற்கு முருங்கை ஏறும் வேதாளமே சிறந்த விளக்கம் எனலாம். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இருபத்தைந்தோடு நில்லாமல் புதிய வேதாளக் கதைகளைப் பல பத்தாண்டுகள் வெளியிட்டது. ஓவியர் சங்கர் வரைந்த, வாளேந்திப் பிணம் சுமக்கும் அரசனின் உருவம் ஒரு தலைமுறைக்கு மேற்பட்டோரின் நினைவில் பதிந்துள்ளது. தமிழ்க் குழந்தை முதலில் சந்தித்த அச்சு ஊடகப் பேய் பெரும்பாலும் இதுவே.

காஞ்சனை செய்த மாற்றம்

1943இல் வெளிவந்த 'காஞ்சனை' இம்மரபில் ஒரு முறிவு. கதைசொல்லி ஓர் எழுத்தாளர், படித்தவர், நகர வீட்டில் மனைவியுடன் வாழ்பவர். வாசலில் இரந்து நின்ற பெண்ணை மனைவி இரக்கப்பட்டு வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் பெயர் காஞ்சனை. நள்ளிரவில் இனம்புரியாத நாற்றம், கால் தரையில் பாவுகிறதா என்ற ஐயம், மனைவிக்கு நேரும் கேடு, தெருவில் வந்த ஒருவன் தரும் திருநீறு எனக் கதை நகர்கிறது. இறுதிவரை அவள் யாரென உறுதி செய்யப்படுவதில்லை. நம்புவதற்கும் மறுப்பதற்கும் இடையே வாசகர் தயங்கும் அந்தக் கணமே விந்தை இலக்கியத்தின் உயிர் எனத் தொதோரோவ் 1970இல் வகுத்த கருத்து, தமிழ்ப் படைப்பில் அதற்கு இருபத்தேழு ஆண்டுகள் முன்னரே செயல்பட்டிருக்கிறது. இதனைத் திறனாய்வாளர் பலரும் ஏற்பர்.

ஆனால் மற்றொன்றும் இங்கு நேர்ந்துள்ளது. காஞ்சனைக்கு வழக்கில்லை. அவளை யாரும் கொன்றதாகத் தெரியவில்லை. அவள் யாரையும் குற்றம் சாட்டவில்லை. கூடுவதற்கு அவையும் இல்லை. நீலியிடமிருந்து வழக்கை நீக்கிவிட்டு அச்சத்தை மட்டும் எஞ்சவிட்டால் காஞ்சனை கிடைப்பாள். படையலிட்டுத் தணிக்க முடியாத பேய் அது. ஏனெனில் அது கேட்பது எதுவென்றே தெரியாது. புத்தகத்தைத் தனியே படிப்பவருக்கு, ஊரார் கூடிக் கேட்கும் வில்லுப்பாட்டின் காப்பு இல்லை. பாட்டின் இறுதியில் தெய்வமாகிவிடும் பேயின் ஆறுதலும் இல்லை. திருநெல்வேலி மரபில் வளர்ந்து, மேரி ஷெல்லியின் புனைவைப் 'பிரேத மனிதன்' எனத் தமிழில் பெயர்த்த புதுமைப்பித்தன் இவ்விரு உலகையும் அறிந்தே இம்மாற்றத்தைச் செய்தார் என்று கொள்வதில் தடையில்லை.

இதனால் திறனாய்வில் ஒரு சாய்வு ஏற்பட்டது. காரணமற்ற அச்சம் இலக்கியமாகவும், பழிவாங்கும் பேய் மலிவுச் சரக்காகவும் தரம் பிரிக்கப்பட்டன. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் பி.டி. சாமி எழுதிய பேய் நாவல்கள் கடைகளில் தொங்கின, ஆய்வேடுகளில் இடம்பெறவில்லை. அவை நடையழகு உடையன என்று யாரும் வாதிட வேண்டியதில்லை. ஆயினும் கொலையுண்டவர் திரும்பிவந்து கொன்றவரைத் தேடும் அமைப்பு நீலியின் அமைப்பே. மரபறுந்தவை எனக் கருதப்பட்ட வணிக நாவல்களே மரபின் நடுக்கூற்றைச் சுமந்துவந்துள்ளன. இவ்வுண்மையைக் காணாமல் விட்டது தமிழ்த் துறைகளின் குறை. 2008இல் சென்னையிலிருந்து தமிழ் வெகுசனப் புனைவுகளின் ஆங்கிலத் தொகுப்பு ஒன்று பிளாஃப்ட் பதிப்பகத்தால் வெளியிடப்பட்ட பின்னரே பலர் கவனம் இப்பக்கம் திரும்பியது. மாத நாவல்கள் மட்டமான தாளில் அச்சிடப்பட்டவை, படித்ததும் எறியப்பட்டவை. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஒரு சில இடங்கள் வெகுசன அச்சுப் பொருள்களைப் பேணியிராவிடில் இத்தகைய ஆய்வுக்கு மூலமே கிடைப்பது அரிது. கல்லூரி நூலகங்கள் இவற்றைச் சேர்க்க இனியேனும் முன்வருதல் வேண்டும்.

இடைவழியாக நின்றவர்களும் உள்ளனர். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' பேயை அறிவியல் ஐயத்தோடு மோதவிட்டது. இந்திரா சௌந்தர்ராஜன் தெய்வம், சித்தர், துப்புத்துலக்கல் ஆகியவற்றை ஒரே கதையில் பின்னினார். அவருடைய 'மர்மதேசம்' தொலைக்காட்சித் தொடர் 1990களின் பிற்பாதியில் பெரும் வரவேற்புப் பெற்றது. ஜெயமோகனின் 'நிழல்வெளிக் கதைகள்' தன்னைப் பேய்க்கதைத் தொகுதி என வெளிப்படையாகவே அறிவித்துக்கொண்டது. தீவிர இலக்கியப் பக்கத்திலிருந்து இவ்வகை அறிவிப்பு வந்தது குறிப்பிடத்தக்கது. 2011இல் வெளிவந்த 'காஞ்சனா' திரைப்படத்தில் நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை பேயாக வருகிறாள். பெயரொற்றுமை தற்செயலாகவே இருக்கலாம். எனினும் 1943இல் வழக்கிழந்த பெயர், 68 ஆண்டுகளுக்குப் பின் ஒரு நிலவழக்கோடு திரும்பியது சுவையான செய்தி.

ஊர் விட்டோர் அச்சம்

பேய்க்கு இடம் உண்டு என்று மேலே கூறப்பட்டது. ஊர்ப்புறப் பேய் புளியமரத்திலோ சுடலையிலோ கிணற்றிலோ இருக்கும். அவ்விடத்தைக் கடந்தால் அச்சமில்லை. ஊரை விட்டுப் புலம்பெயர்ந்தவர்களுக்கு அந்த மரமும் சுடலையும் உடன்வருவதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கும், பின்னர் அங்கிருந்து நவி மும்பைக்கும் பெயர்ந்த குடும்பங்களின் நிலை இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. 1970இல் நிறுவப்பட்ட சிட்கோ திட்டமிட்டு எழுப்பிய கோபர்கைரனே போன்ற குடியிருப்புகளில் தெருவுக்குப் பெயரினும் எண்ணே முதன்மை. செக்டர் எண், மனை எண், தள எண் என்று முகவரி அமையும் இடத்தில் சுடலைமாடன் வேட்டைக்குச் செல்லும் வழி எது என்று சுட்ட இயலாது. அத்தகைய வீட்டில் ஒரு பேய்க்கதைத் தொகுதி திறக்கப்படும்போது, விட்டுவந்த மரமும் கிணறும் கதைக்கு ஒன்றாகத் திரும்பக் கிடைக்கின்றன. அச்சத்தோடு ஓர் ஊர் நினைவும் கலந்தே வருகிறது. முதியோர் படிக்கும் சுவைக்கும் அங்கேயே பிறந்த இளையோர் படிக்கும் சுவைக்கும் இடையே உள்ள வேறுபாடு இங்குதான் தோன்றுகிறது.

ஆனால் அந்நிலத்துக்கும் தனக்கென அணங்கு உண்டு என்பதை மறத்தலாகாது. கோபர்கைரனே அமைந்த நிலம் கொங்கணத்தின் வடபகுதி. எண்ணிடப்பட்ட பகுதிகளுக்கிடையே பழைய ஆக்ரி, கோளி ஊர்கள் இன்றும் எஞ்சியுள்ளன. அதே கொங்கணத்தின் தென்கோடியில், சிந்துதுர்க் மாவட்டத்து ஆரவலியில், வேதாளம் வேதோபா என்னும் பெயரில் ஊர்க்காவல் தெய்வம். இரவில் ஊரைச் சுற்றிவந்து தேய்ந்துபோகும் என்பதால் அத்தெய்வத்துக்குப் பெரிய தோல் செருப்புகளை அடியார் காணிக்கையாக வைக்கின்றனர். தமிழில் முருங்கையில் தொங்கிக் கதை சொல்லும் வேதாளம் அங்கே காவல் காத்து நடக்கிறது. சுடலைமாடனை அறிந்த தமிழருக்கு வேதோபா அயலாகத் தோன்ற வாய்ப்பில்லை. அம்புலிமாமாவின் மராத்திப் பதிப்பான சாந்தோபாவைப் படித்து வளர்ந்த அயல்வீட்டாரும் பிணம் சுமக்கும் அதே அரசனின் ஓவியத்தையே கண்டிருப்பர்.

மராத்தியில் பேய்க்கதைத் தொகுதிக்கு நிலையான இடம் உண்டு. நாராயண் தாரப் (1925-2008), ரத்னாகர் மத்கரி (1938-2020) ஆகியோர் இத்துறையிலேயே பெயர் நிலைநாட்டியவர்கள். மத்கரி நாடகத்திலும் பெயர் பெற்றவர். அச்சக்கதை எழுதியது அவர் மதிப்பைக் குறைக்கவில்லை. 2018இல் வெளிவந்த 'தும்பாட்' திரைப்படம் தாரப்பின் கதையொன்றிலிருந்து உந்துதல் பெற்றது. இங்கிலாந்தில் எம்.ஆர். ஜேம்ஸ் என்னும் பேரறிஞர், கேம்பிரிட்ஜ் கல்லூரி அறையில் கிறித்துமசு இரவில் நண்பர்க்குப் படித்துக்காட்டிய கதைகள் 1904இல் தொகுதியாயின. அவருடைய சுவடி ஆய்வுப் புகழுக்கு அதனால் இழுக்கு நேரவில்லை. தமிழில் பேய்க்கதை எழுதியோர் வணிக எழுத்தாளர் என்னும் ஒற்றைப் பெயருக்குள் அடைக்கப்பட்டதை இவற்றோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

பேய்க்கதை வாசிப்பை மூடநம்பிக்கையின் எச்சமாக மட்டும் கொள்வோர், நம்பாதவரே அதனை மிகுதியாகச் சுவைக்கின்றனர் என்பதை விளக்க இயலாது. உண்மையாகவே பேய்க்கு அஞ்சுபவர் இரவில் அப்புத்தகத்தை எடுப்பதில்லை. நம்பிக்கை தளர்ந்து, அச்சத்தின் நினைவு மட்டும் எஞ்சிய இடத்திலேயே தொகுதிகள் செழிக்கின்றன. அந்நினைவுக்குள் பழையனூர் அவையில் இடுப்பில் கள்ளிக்கட்டையுடன் நின்றவளின் முறையீடும் அடங்கியுள்ளது. அச்சத்தைச் சுவைத்துவிட்டு முறையீட்டைக் கேளாமல் விடும் கதைகள் எத்தனை, கேட்கச் செய்பவை எத்தனை என்று தொகுதிதோறும் பிரித்துப் பார்ப்பது அடுத்த ஆய்வாளர்க்குரிய பணி.