முருங்கை மரத்து வேதாளம்: மூத்த கதைகளும் மூப்படைந்த கதைகளும்

'வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிற்று' என்பது தமிழகத்தில் எழுத்தறியாதாரும் எடுத்தாளும் பழமொழி. இம்மொழி பிறந்த கதைத்தொடரின் அகவை ஆயிரம் ஆண்டுக்கும் குறையாதது. நள்ளிரவு, சுடுகாடு, மரத்தில் தொங்கும் பிணம், அதனுள் புகுந்த வேதாளம், வாளேந்தித் தனியே வரும் வேந்தன் என அச்சமும் வீரமும் தேடலும் கலந்து இயங்கும் தொடர் இது. ஆயின் ஒரே தொடரைச் சேர்ந்த பழங்கதைகள் எல்லாம் ஒரே வகையாக முதுமை எய்துவதில்லை. சில இன்றும் கேட்போரைத் தடுத்து நிறுத்துகின்றன. சில ஏட்டில் மட்டுமே உயிர் வாழ்கின்றன. எது மூப்படைகிறது, எது மூப்பை வெல்கிறது என ஆராய்வது கதை வரலாற்றுக்கு மட்டுமன்றிக் கவிதை எழுதுவோர்க்கும் பயன் தருவதாகும்.

தொடரின் பயணம்

குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றியதாகக் கூறப்படும் பிருகத்கதை இன்று கிடைக்கவில்லை. அதன் வழிவந்த நூல்களுள் ஒன்று கொங்குவேளிரின் பெருங்கதை. 1924 ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த அந்நூலில் கிடைத்துள்ள பகுதி உதயணன் வரலாற்றையே பாடுகிறது. வேதாளக் கதைகள் காசுமீரத்து நூல்கள் இரண்டில் நிலைபெற்றன. ஒன்று க்ஷேமேந்திரருடையது, மற்றொன்று 11 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சூரியமதி என்னும் அரசியின் பொருட்டுச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரம்.

சோமதேவர் கூறும் சட்டகம் எளிமையானது. துறவி ஒருவன் பத்தாண்டுக் காலம் நாள்தோறும் அரசனுக்கு ஒரு கனியைக் கொடுத்து வருகிறான். அரசன் அதனைப் பொருட்படுத்தாது கருவூலத்தானிடம் கொடுத்துவிடுகிறான். ஒருநாள் குரங்கொன்று கனியைக் கடிக்க, உள்ளிருந்து மணி உதிர்கிறது. அந்நன்றிக்குக் கைம்மாறாகவே சுடுகாட்டுப் பிணத்தைக் கொணரும் பணியை அரசன் ஏற்கிறான். வழியில் பேசலாகாது என்பது விதி. வேதாளமோ கதை சொல்லி வினா எழுப்புகிறது. விடை அறிந்தும் வாய் திறவாவிடில் தலை வெடிக்கும். வாய் திறந்தால் பிணம் மரத்துக்கே மீளும்.

வடமொழியில் இம்மரம் சிம்சபா. தமிழில் அது முருங்கையாயிற்று. முருங்கை காட்டு மரமன்று, கொல்லைப்புறத்து மரம். தொலைவிலிருந்த அச்சத்தைத் தமிழ்க் கதைசொல்லி வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்துவிட்டான் எனலாம். அவன் செய்த மாற்றம் இஃதொன்று மட்டுமன்று. ஆயிரம் ஆண்டு அரியணையில் வீற்றிருக்க வரம் பெற்ற விக்கிரமாதித்தனுக்கு, நாடாறு மாதம் காடாறு மாதம் என வகுத்து, ஆயுளை இரட்டிப்பாக்கிய மதியமைச்சன் பட்டியைத் தமிழ்க் கதைமரபு பெரிதும் போற்றிற்று. பெரிய எழுத்துப் பதிப்புகள் வழியே இக்கதைகள் சிற்றூர்த் திண்ணைகளில் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் நூலாயின.

பரமார்த்த குரு கதையை 1822 இல் இலண்டனில் வெளியிட்ட பெஞ்சமின் கை பாபிங்டன், தமிழ் வேதாள கதையையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1831 இல் அங்கேயே வெளிவரச் செய்தார். மதராஸ் ஆட்சிப்பணியில் இருந்து பின்னர் மருத்துவரானவர் அவர். வங்கத்தில் ஈசுவரசந்திர வித்யாசாகர் தம் வேதாள பஞ்சவிம்சதியை வெளியிட்ட ஆண்டு 1847. ரிச்சர்டு பர்ட்டனின் ஆங்கில நூல் 1870 இல் வந்தது. பர்ட்டன் நூலில் விக்கிரமனின் தந்தை கந்தர்வசேனன். சாபத்தால் பகலில் கழுதையாகவும் இரவில் மனிதனாகவும் வாழ்ந்தவன். தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே கந்தர்வர் பெயரைத் தாங்கி நிற்கும் ஊரில் வாழ்வோர்க்கு இக்கதை புன்முறுவலை வரவழைக்கக்கூடும்.

அச்சம் முதலில் மூப்படையும்

இத்தொடரில் முதலில் மூப்படைந்தது அச்சமே. பிணமும் நரியும் நிணமும் கேட்போரை நடுங்கச் செய்த காலம் உண்டு. மின்விளக்கு வந்தபின் சுடுகாட்டு வருணனை ஒன்றே கதையைத் தாங்கவல்லதாக இல்லை. இதனைத் தமிழ்க் காப்பியம் முன்னரே உணர்ந்திருந்தது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் சுடுகாடு விரிவாகக் காட்டப்படுகிறது. அங்கே பேய்மகளின் கூத்தைக் கண்டு அஞ்சிய சார்ங்கலன் என்னும் சிறுவன் தாயிடம் ஓடிச்சென்று உயிர் விடுகிறான். சாத்தனார் அந்த அச்சத்தோடு நிற்கவில்லை. தாய் கோதமை, தன்னுயிரைக் கொண்டு மகனுயிரைத் தருமாறு சம்பாபதியிடம் இறைஞ்சுகிறாள். தெய்வத்தாலும் அஃது இயலவில்லை. பேய்மகளின் கூத்தை இன்று படிப்போர் அஞ்சுவதில்லை. கோதமையின் வேண்டுகோளைக் கடந்து செல்வோரும் இல்லை.

வேதாளக் கதைகளையும் இவ்வளவுகோலாலேயே நிறுத்தல் தகும்.

ஒரே பலி, இரு கதைகள்

தொடரின் மூப்பை அளந்தறிய ஏற்ற இரு கதைகள் உள. இரண்டும் பிள்ளைப்பலி பற்றியன; இரண்டிலும் அரசனைக் காக்கவே பலி.

முதற்கதையில் வீரவரன் என்னும் காவலன், தன் அரசன் மூன்று நாளில் மாள்வான் என்றறிந்து, தேவியின் முன் தன் மகனைப் பலியிடுகிறான். மகன் உடன்படுகிறான். அதிர்ச்சியில் மகள் இறக்கிறாள், தாய் தீப்பாய்கிறாள், வீரவரனும் தன் தலையை அரிகிறான். மறைந்திருந்து கண்ட அரசன் தானும் உயிர்விட முனைய, தேவி அனைவரையும் எழுப்புகிறாள். இவர்களுள் உயர்ந்தவர் யார் என்பது வேதாளத்தின் வினா. அரசனே உயர்ந்தவன் என்பது விடை. ஆளுக்காகத் தலைவன் உயிர்விடத் துணிதல் அரிது. தலைவனுக்காக ஆள் உயிர்விடுதல் கடமை என்பது அதற்குக் காரணம். செஞ்சோற்றுக் கடன் பேசிய காலத்தில் இவ்விடை அவையை எழுந்து நிற்கச் செய்திருக்கும். இன்று படிப்போர்க்கோ, உடன்படாதிருக்க அம்மகனுக்கு இடம் இருந்ததா என்ற வினாவே முந்துகிறது. கதை அதனைக் கேட்கவில்லை. ஆதலால் கதை மூப்படைந்தது.

மற்றக் கதையில் அரக்கன் ஒருவன் அரசனின் உயிருக்கு ஈடாக ஏழு அகவைச் சிறுவன் ஒருவனைக் கேட்கிறான். பொன்னுக்கும் ஊர்களுக்கும் ஈடாக ஒரு சிறுவன் கிடைக்கிறான்; அவனும் உடன்படுகிறான். தாய் கைகளைப் பற்ற, தந்தை கால்களைப் பற்ற, அரசன் வாளை ஓங்குகிறான். அவ்வேளையில் சிறுவன் சிரிக்கிறான். ஏன் சிரித்தான் என்பதே வினா. குழந்தைக்கு இடர் வந்தால் தாய் தந்தையரிடம் முறையிடும். அவர் காவாவிடில் அரசனிடமும், அதற்கும் மேலாகத் தெய்வத்திடமும் முறையிடும். காக்கவேண்டிய அனைவரும் அழியும் உடலின்மேல் கொண்ட பற்றால் ஒருங்கே கொல்ல நிற்பதைக் கண்டே அவன் சிரித்தான் என்று மன்னன் விடையிறுக்கிறான்.

ஒரே நூல், ஒரே புலவர், ஒரே வகைப் பலி. ஆயினும் முன்னது முடியாட்சியோடு முதுமையுற்றது. பின்னது ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகப் பிறக்கிறது. அதிகாரத்தின் பக்கம் நின்று தீர்ப்புரைத்த கதைக்கும், பலியாவோனின் சிரிப்பைச் செவிமடுத்த கதைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

விடை மாளும், வினா வாழும்

கிளியும் நாகணவாய்ப் புள்ளும் ஆண் தீயவனா, பெண் தீயவளா என வழக்காடும் கதை இத்தொடரிலேயே மிகவும் நைந்தது. பெண்ணே தீயவள் என்று தீர்ப்பளிக்கும் மன்னனின் குரலில் அறிவின் ஒளி இல்லை. அக்கால ஆண்களின் ஊர்ப்பேச்சே ஒலிக்கிறது. மந்தாரவதியின் சாம்பலைக் காத்தவன், எலும்பைக் கங்கையில் சேர்த்தவன், மந்திரத்தால் எழுப்பியவன் ஆகிய மூவருள் கணவன் யார் என்னும் கதையும் அழகியதே. எனினும் உயிர்பெற்று எழுந்த மந்தாரவதியிடம் ஒருவரும் ஒருசொல் கேட்கவில்லை.

தலை மாறிய கதை இவற்றின் வேறானது. கணவன், உடன்பிறந்தான் இருவர் உடல்களிலும் தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகிறாள் ஒரு பெண். தலையே தலையாயது, ஆதலின் தலையுடையவனே கணவன் என்பது பழைய விடை. இவ்விடை பலருக்கு நிறைவளிக்கவில்லை. அதனாலேயே கதை வளர்ந்தது. ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மான் 1940 இல் இதனைக் குறுநாவலாக்கினார். கிரீஷ் கர்னாட் 1971 இல் ஹயவதனம் என்னும் கன்னட நாடகமாக்கினார். இருவரும் எடுத்துக்கொண்டது வினாவை, விட்டுவிட்டது விடையை.

தொடரின் இறுதிக் கதை இதற்கு முடியாக விளங்குகிறது. காட்டில் கண்ட பெரிய அடிச்சுவடும் சிறிய அடிச்சுவடும் கொண்டு, பெரியவள் தந்தைக்கு, சிறியவள் மகனுக்கு என உறுதி செய்கின்றனர் இருவர். நேரில் கண்டபோது பெரிய அடி மகளுடையது, சிறிய அடி தாயினுடையது. உறுதி மாறாது மணம் நிகழ்கிறது. பிறக்கும் பிள்ளைகளுக்குள் என்ன உறவு? மன்னன் விடை அறியான். வாய் திறவாது நடக்கிறான். அதனாலேயே பிணம் தோளில் நிலைத்துப் பணி நிறைவேறுகிறது. அத்தனை முறை அறிவால் தோற்றவன், அறியாமையை உணர்ந்த மௌனத்தால் வெல்கிறான்.

இதழிலும் திரையிலும்

1947 சூலையில் சென்னையில் தெலுங்கிலும் தமிழிலும் தோன்றிய சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா எனப் பெயர்பெற்றது. அவ்விதழ் பழைய கதைகளோடு நில்லாது, அதே சட்டகத்தில் புதிய கதைகளைப் பல்லாண்டு காலம் வெளியிட்டது. சிறுவர்க்கெனக் குருதியும் காமமும் விலக்கப்பட்டன, நீதி முன்னின்றது. அப்புதுக்கதைகளுட் பல நினைவில் நிற்கவில்லை. நிலைத்தது ஓவியர் சங்கர் வரைந்த உருவம்: தோளில் பிணம், கையில் வாள், முகத்தில் தளராமை. 2020 இல் அவர் மறைந்தபோது நாளேடுகள் நினைவுகூர்ந்ததும் அவ்வுருவத்தையே. இதழ் நின்றுபோன பின்னும் அந்நடை நிற்கவில்லை.

கடல் கடந்த ஒப்புமை ஒன்றும் நோக்கத்தக்கது. பர்ட்டனை நேரில் அறிந்திருந்த பிராம் ஸ்டோக்கர் 1897 இல் திராகுலா நாவலை வெளியிட்டார். அந்நாவலின் இரத்தக் காட்டேரியைக் கோட்டையில் தேடி அழிக்கும் விளையாட்டுத் தொடரை, ஜப்பானியக் கொனாமி நிறுவனம் 1986 இல் தொடங்கிற்று. மேலைநாடுகளில் அதன் பெயர் காசில்வேனியா. அங்கும் அழிக்கப்பட்ட திராகுலா மீண்டும் மீண்டும் எழுகிறான். வீரன் மீண்டும் கோட்டைக்குள் புகுகிறான். முதல் விளையாட்டில் குதித்தபின் திசைமாற்ற இயலாது. அக்கடுமையே ஒவ்வோர் அடியையும் எண்ணி வைக்கச் செய்வதால் அது இன்றும் விரும்பி ஆடப்படுகிறது. 1987 இல் வந்த இரண்டாவது, ஊரார் கூறும் பொய்க்குறிப்புகளால் ஆடுவோரை வழிதவறச் செய்து சலிப்பூட்டுகிறது. 1997 இல் வந்தது, கோட்டை முழுவதையும் தலைகீழாக்கி, கடந்த வழியையே புதுவழியாக்கிற்று. பலர் அதனையே தொடரின் உச்சமாகக் கொள்வர். முப்பரிமாணப் புதுமையோடு 1999 இல் வந்த விளையாட்டோ அதற்கு மூத்தவற்றைக் காட்டிலும் விரைவில் முதுமையுற்றது. புதுமை முதலில் நரைக்கும். நல்ல விதி நரைப்பதில்லை என்பது ஏட்டுக்கும் திரைக்கும் ஒக்கும் போலும்.

நிறைவாக

வேதாளக் கதைகளில் மூப்படைந்தவை மூன்று: அச்சமூட்டும் வருணனை, ஆள்வோர்க்கு உவந்த தீர்ப்பு, பெண்ணைக் கேளாது பெண்ணைப் பற்றி உரைத்த முடிவு. மூப்படையாதன இரண்டு: வினா ஒன்று, பிணம் நழுவிய ஒவ்வொரு முறையும் திரும்பி நடக்கும் மன்னனின் கால்கள் மற்றொன்று. 'வேதாளம் மீண்டும் முருங்கை ஏறிற்று' என்னும் பழமொழி தோல்வியைச் சுட்டவே இன்று வழங்குகிறது. ஆயின் வேதாளம் ஏறாதிருந்தால் இரண்டாம் கதை இல்லை. மன்னன் உண்மையை உரைத்ததனாலேயே அது ஏறிற்று என்பதும் மறக்கற்பாலதன்று. கைக்கு எட்டிய பயனை இழக்க நேரினும் அறிந்ததை மறைக்கலாகாது. அறியாததை அறிந்ததுபோல் உரைக்கலாகாது. சொல்லையே தொழிலாகக் கொண்டோர்க்கு அச்சுடுகாட்டு வழி விதித்த விதி இவ்விரண்டே.