பட்டாதாரரும் பயிரிடுவோரும்: காவிரிப் படுகையின் நிலப்பதிவேடுகளும் இணையவழித் தேடலும் (கூத்தாநல்லூர் வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

நில உடைமை, மதிப்பீடு, வரி ஆகியவை குறித்த பதிவேடுகள் தமிழ்நாட்டில் இன்று இணையவழியே பார்வைக்குக் கிடைக்கின்றன. இப்பதிவேடுகள் எக்காலத்தில், எந்நோக்கத்திற்காக உருவாயின என்பதைக் காவிரிப் படுகையின் வரலாற்றுப் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது. வரி செலுத்துவோரை அடையாளம் காணவே உருவான பதிவேட்டு மரபு, நிலத்தைப் பயிரிடுவோரைத் தனிக் கணக்கில் நிறுத்தியது என்பதும், கணினிமயமாக்கம் அப்பிரிவினையை மாற்றவில்லை என்பதும் இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, மிராசு, குத்தகை, கூத்தாநல்லூர்.

முன்னுரை

திருவாரூர் மாவட்டத்தில் வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் அமைந்த கூத்தாநல்லூர், நகராட்சியாகவும் வட்டத் தலைமையிடமாகவும் விளங்குகிறது. சுற்றிலும் நெல்வயல்கள் சூழ்ந்த இவ்வூரினர் பல தலைமுறைகளாக மலேயா, சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் தொழில் நிமித்தம் சென்றுவந்தனர். இத்தகைய ஊரில் நிலத்தின் உரிமையாளர் ஓரிடத்திலும் பயிரிடுபவர் வேறோரிடத்திலும் இருப்பது இயல்பு. கடல் கடந்து வாழும் உரிமையாளர் தம் பட்டாவை இருந்த இடத்திலிருந்தே காண முடிகிறது. அதே நிலத்தை உழுபவரின் பெயர் அப்பட்டாவில் இல்லை. இந்நிலையின் வரலாற்றுக் காரணங்களை அறிவது தேவையாகிறது.

சோழர் காலக் கணக்கு

காவிரிப் படுகையில் நிலத்தை அளந்து வரி விதிக்கும் மரபு மிகத் தொன்மையானது. முதலாம் இராசராசன் காலத்தில் நாடு முழுதும் அளக்கப்பட்டது. வேலி, மா, காணி, முந்திரி என நிலம் நுண்ணிய பின்னங்கள் வரை கணக்கிடப்பட்டது. புரவுவரித் திணைக்களம் என்னும் வருவாய் அமைப்பும் வரிப்பொத்தகம் என்னும் ஏடும் சோழர் ஆவணங்களில் இடம்பெறுகின்றன. தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகள் ஊர்களின் மொத்தப் பரப்பைக் கூறி, அதிலிருந்து ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, பறைச்சேரி முதலியவற்றை இறையிலியாக நீக்கி, எஞ்சிய நிலத்திற்கே காணிக்கடனைக் குறிப்பிடுகின்றன.

இக்கணக்கு முறையில் இரண்டு கூறுகள் கவனத்திற்குரியன. ஒன்று, வரி தரும் நிலமே பதிவின் மையம். மற்றொன்று, உழைப்போர் வாழ்ந்த சேரி வரி தராத பரப்பாகக் கழிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தோரின் பெயர்கள் கணக்கிற்குத் தேவைப்படவில்லை.

மிராசு முறையும் ஆங்கிலேயர் நிலவரித் திட்டமும்

1799இல் தஞ்சாவூர் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டபோது, அங்கு மிராசு முறை வேரூன்றியிருந்தது. மிராசுதாரர்கள் ஊர் நிலத்தைப் பங்குகளாக வைத்திருந்தனர். சில ஊர்களில் பங்குகள் நிலையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. வேறு சிலவற்றில் கரையீடு என்ற பெயரில் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை நிலம் மாற்றிப் பகிரப்பட்டது. எனவே ‘இந்த வயல் இன்னாருடையது’ என்ற தனித்த பதிவு எல்லா ஊர்களிலும் சாத்தியமாக இருக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்கு, மொத்தப்பைசல் என்னும் பெயர்களில் தீர்வை முறைகள் கையாளப்பட்டன. அந்நூற்றாண்டின் இறுதியில்தான் தஞ்சாவூர் மாவட்டத்தில் அறிவியல் முறையிலான நில அளவையும் நிலவரித் திட்டமும் நடைமுறைக்கு வந்தன. ஒவ்வொரு வயலும் புல எண் பெற்றது. மண்ணின் வகையும் தரமும் பிரிக்கப்பட்டு அதற்கேற்பத் தீர்வை விதிக்கப்பட்டது. தீர்வைக்குப் பொறுப்பானவர் பட்டாதாரர் ஆனார். பட்டா, அதன் தோற்றத்தில், யாரிடம் தீர்வையை வசூலிக்க வேண்டும் என்பதை உரைக்கும் ஆவணமே. வருவாய்ப் பதிவு மட்டுமே ஒருவருக்கு உரிமை மூலத்தை அளித்துவிடாது என்று இந்திய நீதிமன்றங்கள் தொடர்ந்து கூறிவருவதன் அடிப்படையும் இதுவே. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் தோன்றிய டாரன்ஸ் முறையில் பதிவே உரிமைக்குச் சான்றாகும். தமிழ்நாட்டின் பட்டா அவ்வகையைச் சார்ந்ததன்று.

உழவர் சட்டங்களும் தனிப் பதிவேடும்

விடுதலைக்குப் பின் படுகையின் நிலவுறவுகள் சட்டத்தின் கவனத்தைப் பெற்றன. 1952ஆம் ஆண்டுத் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் நிலத்திலிருந்து வெளியேற்றப்படுவதைக் கட்டுப்படுத்தின. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அதற்கு அடுத்த ஆண்டில் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்வதற்கான சட்டம் (1969ஆம் ஆண்டின் 10ஆவது சட்டம்) இயற்றப்பட்டது. பயிரிடுவோரின் பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறுவதற்கு இச்சட்டம் வழி வகுத்தது.

ஆயினும் இச்சட்டத்தின்படி உருவான குத்தகை உரிமைப் பதிவேடு, பட்டாவிலிருந்தும் சிட்டாவிலிருந்தும் வேறான ஏடாகவே அமைந்தது. வாய்மொழிக் குத்தகை பரவலாக இருந்த சூழலில், பதிவு கோரினால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற அச்சம் பலரைத் தடுத்தது. அடங்கல் என்னும் கிராமக் கணக்கு எண் 2இல் பயிரிடுவோரைக் குறிக்க இடமுண்டு. எனினும் அது பசலிதோறும் புதிதாக எழுதப்படுவது. நிலையான உரிமையைக் காட்டுவதன்று.

கணக்கரிலிருந்து கணினிக்கு

1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி உருவானது. அதே காலப்பகுதியில் (1979–1987) நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நிறைவேற்றப்பட்டது. மக்கள் வழக்கில் யுடிஆர் எனப்படும் இத்திட்டத்தில் கூட்டுப்பட்டாக்கள் பிரிக்கப்பட்டு, பரப்பளவு ஹெக்டேர், ஏர் அளவுகளில் எழுதப்பட்டது. இன்று இணையத்தில் காணும் பதிவுகளின் அடித்தளம் இதுவே. அக்காலத்தில் நேர்ந்த பெயர்ப் பிழைகளும் பரப்புப் பிழைகளும் அப்படியே கணினிக்குச் சென்றமையால், ‘யுடிஆர் திருத்தம்’ கோரும் மனுக்கள் இன்றும் வருவாய் அலுவலகங்களுக்கு வருகின்றன.

‘தமிழ்நிலம்’ மென்பொருள் வழியாக மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைத் தெரிவுசெய்து பட்டா, அ-பதிவேடு ஆகியவற்றைப் பெறலாம். 2018இல் பதிவுத் துறை தொடங்கிய ஸ்டார் 2.0 திட்டம் வில்லங்கச் சான்று, ஆவணப் பதிவு ஆகியவற்றை இணையத்தில் ஒருங்கிணைத்தது. நிலத்தின் வழிகாட்டி மதிப்பையும் பதிவுத் துறையின் தளத்தில் காணலாம். வீட்டின் சொத்துவரியோ நகராட்சி நிர்வாகத்தின் கணக்கில் உள்ளது. உடைமை, மதிப்பு, வரி ஆகிய மூன்றையும் அறிய ஒருவர் மூன்று துறைகளை நாட வேண்டியுள்ளது.

அ-பதிவேட்டை ஓர் ஆவணமாக வாசித்தல்

இணையத்தில் கிடைக்கும் அ-பதிவேட்டின் ஒரு வரியில் பல காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. ‘மண் வயனமும் ரகமும்’, ‘தரம்’ ஆகிய பத்திகள் ஆங்கிலேயர் கால நிலவரித் திட்டத்தின் எச்சங்கள். ‘பழைய புல எண்’ யுடிஆருக்கு முந்தைய அளவையைச் சுட்டுகிறது. தீர்வை ரூபாயிலும் பைசாவிலும் சிறு தொகையாக நிற்கிறது. அது இன்றைய நிலமதிப்போடு தொடர்பற்றது. இறுதியில் பட்டா எண்ணும் பட்டாதாரர் பெயரும் உள்ளன. குத்தகைதாரருக்கெனப் பத்தி இல்லை.

இக்குறை நடைமுறையில் பெரிய விளைவுகளை உண்டாக்குகிறது. 2019இல் நடைமுறைக்கு வந்த பிரதமரின் உழவர் நிதியுதவித் திட்டம் நில உடைமைக் குடும்பங்களுக்கு உரியது. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் அதனைப் பெற இயலாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லை விற்கவும் பயிர்க்காப்பீட்டில் சேரவும் குத்தகை உழவர் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் சான்றை நம்பியுள்ளார்.

பிற மாநிலங்களின் அமைப்பு வேறுபட்டது. கர்நாடகத்தின் பஹணி ஒரே தாளில் உரிமையாளர், பயிரிடுவோர், பயிர் ஆகியவற்றிற்குப் பத்திகளைக் கொண்டது. அங்குப் ‘பூமி’ திட்டம் அத்தாளையே கணினிமயமாக்கியது. மேற்கு வங்கத்தில் 1978இல் தொடங்கிய பர்கா இயக்கம் வாரச் சாகுபடியாளரின் பெயரை உரிமைப் பதிவேட்டிலேயே ஏற்றியது. ஆகவே கணினி எதைக் காட்டும் என்பதை அதற்கு முந்தைய ஏட்டின் பத்திகளே முடிவு செய்துள்ளன.

முடிவுரை

கூத்தாநல்லூர் போன்ற ஊர்களின் நிலவரலாற்றை இணையப் பதிவுகளைக் கொண்டு மட்டும் எழுதும் ஆய்வாளர், வரி செலுத்தியோரின் வரலாற்றையே எழுத நேரும். அடங்கல், குத்தகை உரிமைப் பதிவேடு ஆகியவற்றையும் உடன்வைத்து நோக்கும்போதே பயிரிட்டோர் புலப்படுவர். மேலும் 1991 வரை தஞ்சாவூர், பின்னர் நாகப்பட்டினம், 1997 முதல் திருவாரூர் என மாவட்ட எல்லைகள் மாறியமையால், பழைய ஏடுகளைத் தேடுவோர் அம்மாற்றங்களையும் கருத்தில் கொள்ள வேண்டும். பட்டா, அடங்கல், குத்தகைப் பதிவேடு ஆகிய மூன்றிற்கும் பொதுவாக இருப்பது புல எண். அதனைக் கொண்டு இம்மூன்றையும் ஒரே தேடலில் இணைப்பது இயலும். அவ்வாறு இணைத்தால், வரி கொடுப்பவர் யார் என்று மட்டுமே கேட்டுவந்த பதிவேடு, உழுபவர் யார் என்பதற்கும் விடை கூறும்.