வெளிநாட்டில் கமரா வாங்குவது: ஊருக்குக் கொண்டுவருமுன் பார்க்க வேண்டியவை

புத்தளம் நகரை அடுத்த தில்லையடியில் ஒரு நல்ல கமரா பெரும்பாலும் யாரோ ஒருவரின் பயணப் பையில்தான் வந்து சேர்கிறது. கட்டாரில் வேலை செய்யும் நானா, சவூதியிலிருந்து விடுமுறையில் வரும் மச்சான், பாரிஸிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் என்று யாரோ ஒருவர் வாங்கி வருகிறார். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. 2022இல் டொலரொன்றின் விலை சில வாரங்களுக்குள் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பின்னர், உள்நாட்டு விலையைக் கேட்டுத் திரும்பியவர்களுக்கு வெளிநாட்டுச் சொந்தங்களே வழியாயினர்.

இந்த ஊர்களில் கமரா வெறும் ஆடம்பரப் பொருள் அல்ல. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். புத்தளத்துக்கு வந்து தில்லையடி, ஆலங்குடா, ரத்மல்யாய போன்ற இடங்களில் குடியேறியவர்களில் பலருக்கு, விட்டுவந்த வீட்டுக்கோ கல்யாணத்துக்கோ சாட்சியாக ஒரு படம்கூட இல்லை. வன்னியில் 2009இல் எல்லாவற்றையும் விட்டு ஓடியவர்களின் கதையும் அதுவே. அதனால் இன்று கல்யாண வீட்டுப் படம் எடுத்துப் பிழைக்கும் இளைஞருக்கும், காணி, காணாமலாக்கப்பட்டோர் பிரச்சினைகளைப் பதிவு செய்யும் ஊடகவியலாளருக்கும் கமரா தொழிற்கருவி. அதை வாங்க ஒரு குடும்பமே காசு சேர்க்கிறது.

ஆனால் விமானம் ஏறிய பின் அந்தக் கமராவை மாற்றிக் கேட்க வழியில்லை. விலையில் மிச்சம் பிடித்த தொகை, முதல் பழுதிலேயே போய்விடலாம். எனவே எங்கு மலிவு என்பதைவிட, எங்கு சரிபார்த்து வாங்க முடியும் என்பதே முதற்கேள்வி.

வரி: யாருக்குத் திரும்பக் கிடைக்கும்?

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2018 ஜனவரி முதல் 5 வீத வற் வரி உண்டு. சுற்றுலாப் பயணி 250 திர்ஹாமுக்கு மேல் வாங்கினால், வரியில் பெரும்பகுதி கட்டணம் கழித்துத் திரும்பக் கிடைக்கும். வரியோடு 3,150 திர்ஹாமுக்கு வாங்கிய கமராவில் வரி 150. கைக்கு வருவது அதைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் இது அங்கு வதியாதவர்களுக்கே. வதிவிட விசாவில் வேலை செய்பவருக்கு இச்சலுகை இல்லை.

சவூதியில் 2020 ஜூலை முதல் வற் வரி 15 வீதம். கட்டாரிலும் குவைத்திலும் வற் வரி இன்னும் அறிமுகமாகவில்லை. ஹொங்கொங்கில் விற்பனை வரியே கிடையாது.

சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2024 முதல் 9 வீதம். 100 சிங்கப்பூர் டொலருக்கு மேல் வாங்கும் பயணி, பொருளைத் தன்னோடு கொண்டுவந்து விமான நிலையத்தில் விண்ணப்பித்தால், கையாளும் கட்டணம் போக மீதி கிடைக்கும். பிரான்ஸில் வரி 20 வீதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வதிபவர் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் மீளப் பெறலாம். பிரித்தானியாவில் பயணிகள் கையில் கொண்டு செல்லும் பொருட்களுக்கான இச்சலுகையை 2021 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். ஆக, லண்டன் போகும் ஒருவர் 'வரி திரும்பக் கிடைக்கும்' என்று கணக்குப் போடக்கூடாது.

வரி மீளப் பெறுவதற்கு விமான நிலையத்தில் பொருளைக் காட்டச் சொல்லலாம். எனவே கமராவைப் பெரிய பையில் போட்டு அனுப்பிவிடாமல் கையில் வைத்திருப்பது அவசியம்.

கடைத்தெருவும் அதன் தந்திரங்களும்

டுபாயின் அல் ஃபஹீதி வீதி, சிங்கப்பூரின் சிம் லிம் சதுக்கம், சென்னையின் ரிச்சி தெரு ஆகியவை மின்னணுப் பொருட்களுக்குப் பெயர்போனவை. அங்கு நேர்மையான கடைகளும் உண்டு, மற்றவையும் உண்டு. 2014இல் சிம் லிம் சதுக்கத்தில் ஐபோன் வாங்கிய வியட்நாம் தொழிலாளி ஒருவரிடம், காசைக் கட்டிய பின் உத்தரவாதத்துக்கென்று மேலும் 1,500 டொலர் கேட்டார்கள். அவர் முழந்தாளிட்டு அழுத காட்சி உலகமெங்கும் பரவியது. கடை உரிமையாளருக்கு மறு ஆண்டு 33 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. பறிகொடுத்த அந்தத் தொழிலாளியும் நம்மூர்களிலிருந்து போகும் உழைப்பாளிகளைப் போன்றவர்தான்.

வழமையான தந்திரங்கள் மூன்று. குறைந்த விலையைச் சொல்லி உள்ளே அழைத்து, 'அந்த மொடல் சரியில்லை' என்று வேறொன்றைத் தலையில் கட்டுவது. பெட்டியோடு இலவசமாக வரவேண்டிய சார்ஜரையும் பட்டியையும் தனியே விற்பது. உற்பத்தி நிறுவனத்தின் உத்தரவாதம் இல்லாமல் கடையின் சொந்த அட்டையைக் கொடுப்பது. பெட்டியில் என்னென்ன இருக்கவேண்டும் என்பதை நிறுவனத்தின் இணையத்தளத்தில் முன்கூட்டியே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முழுத்தொகையும் எழுதிய பற்றுச்சீட்டைக் காணுமுன் காசு கொடுக்க வேண்டாம்.

கமரா உத்தரவாதம் பல நேரங்களில் விற்கப்பட்ட நாட்டுக்கு அல்லது பிராந்தியத்துக்கு மட்டுமே. 'இது இலங்கையில் செல்லுமா?' என்பதைக் கடைக்காரரிடம் அல்ல, கொழும்பிலுள்ள முகவரிடம் கேளுங்கள். தில்லையடியிலிருந்து கொழும்புக்குப் போய் வருவதும் ஒரு நாள் உழைப்பை இழப்பதுதான்.

ஜப்பானில் பாவித்த கமராக்கள் மிகவும் சுத்தமாகக் கிடைக்கும். டோக்கியோவின் ஷின்ஜுக்கு பகுதி அதற்குப் பேர்போனது. ஆனால் ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கான சொனி கமராக்களில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும். ஆங்கிலத்துக்கு மாறுகிறதா என்பதைக் கடையிலேயே பார்க்கவேண்டும்.

பாவித்ததா, புதியதா?

கெனனும் நிக்கோனும் மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டதால், நல்ல டிஎஸ்எல்ஆர் கமராக்கள் பாவித்த சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. கெனன் ஈஎஃப் லென்ஸ்களை மாற்றி வளையம் மூலம் புதிய ஆர்எஃப் கமராக்களில் நன்றாகவே பாவிக்கலாம். நிக்கோனில் கவனம் தேவை: தனக்குள் மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்கள் எஃப்டிஇசட் வளையத்தில் தானாகக் குவியாது.

கல்யாணம் எடுப்பவருக்கு இரண்டு மெமரி கார்ட் போடும் வசதி முக்கியம். நிக்காஹ்வையோ தாலிகட்டையோ திரும்ப எடுக்க முடியாது. நிக்கோன் டி750, கெனன் 5டி மார்க் 3 ஆகியவற்றில் இரண்டு இடம் உண்டு. கெனன் 6டி வகைகளில் ஒன்றே. குறைந்த காசில் தொடங்குபவர் புதிய கமராவும் மலிவு லென்ஸும் வாங்குவதைவிட, பாவித்த கமராவும் நல்ல லென்ஸும் வாங்குவது மேல். கமரா சில ஆண்டுகளில் விலை இழக்கும். நல்ல லென்ஸ் அவ்வளவு வேகமாக இழக்காது.

பாரிஸில் பஸ்தீயுக்கு அருகேயுள்ள போமார்ஷே வீதியிலும், சிங்கப்பூரில் சிற்றி ஹோல் அருகேயுள்ள பெனின்சுலா வணிக வளாகத்திலும் பாவித்த கமராக் கடைகள் உள்ளன. தனிநபரிடம் வாங்குவதைவிட, சில மாத உத்தரவாதம் தரும் கடை சற்று விலை கூடினாலும் பாதுகாப்பு.

கையில் எடுத்ததும் செய்யவேண்டிய சோதனை

• ஷட்டர் எண்ணிக்கை கேளுங்கள். நிக்கோன் டி750, கெனன் 5டி மார்க் 4 ஆகியவற்றின் ஷட்டர் 150,000 தடவைக்கும், நிக்கோன் டி850இன் ஷட்டர் 200,000 தடவைக்கும் சோதிக்கப்பட்டவை. நிக்கோனில் எடுத்த படத்தின் தரவிலேயே எண்ணிக்கை இருக்கும். கெனனில் பெரும்பாலும் தனி மென்பொருள் வேண்டும்.

• எஃப்16இல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சரில் உள்ள தூசும் கீறலும் தெரியும். லென்ஸ் மூடியோடு ஒரு படம் எடுத்தால் பழுதான புள்ளிகள் தெரியும்.

• கைபேசி வெளிச்சத்தை லென்ஸின் பின்பக்கமிருந்து பாய்ச்சுங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை வாங்கவே வேண்டாம். மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்கவும் வேண்டாம்.

• பற்றரி அறையில் பச்சை நிறக் கறை இருந்தால் ஈரமோ உப்போ புகுந்திருக்கிறது. திருகாணித் தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். பற்றரி வீங்கியிருக்கக் கூடாது.

• பத்து நிமிடம் காணொளி எடுங்கள். மைக் துளை, பிளாஷ் பூட்டு, இரண்டு கார்ட் இடம் எல்லாம் வேலை செய்கிறதா பாருங்கள்.

• கமராவின் தொடர் இலக்கமும் பெட்டியிலுள்ள இலக்கமும் பற்றுச்சீட்டும் ஒத்திருக்கவேண்டும். இலக்கம் சுரண்டப்பட்டிருந்தால் அது களவுப் பொருளாக இருக்கலாம்.

• மெமரி கார்ட்டும் பற்றரியும் போலி அதிகம் வரும் பொருட்கள். கார்ட்டை முழுக்க நிரப்பி, எல்லாவற்றையும் திரும்பத் திறந்து பார்த்த பிறகே வேலைக்கு எடுங்கள்.

விமானமும் சுங்கமும்

உதிரி லிதியம் பற்றரிகளைச் சரக்குப் பையில் போடக்கூடாது; முனைகளை மூடிக் கைப்பையில் கொண்டுவர வேண்டும். 100 வாட் மணிக்குக் குறைந்தவற்றுக்குத் தனி அனுமதி தேவையில்லை. சாதாரண கமரா பற்றரி 20 வாட் மணிக்கும் குறைவே.

கட்டுநாயக்கவில் பயணிக்கு உள்ள தீர்வையற்ற சலுகை, வெளிநாட்டில் தங்கிய நாட்களைப் பொறுத்து மாறுபடும். பயணத்துக்கு முன் சுங்கத் திணைக்களத்தின் தளத்தில் அன்றைய அளவைப் பாருங்கள். அதை மீறும் பெறுமதி இருந்தால் சிவப்பு வழியில் சென்று அறிவிப்பதே நல்லது. மறைத்துப் பிடிபட்டால் பொருளே பறிபோகலாம். ஒரே வகையில் மூன்று, நான்கு கொண்டுவந்தால் அது வியாபாரமாகப் பார்க்கப்படும். இங்கிருந்து சொந்தக் கமராவோடு போய்வருபவர் பழைய பற்றுச்சீட்டின் பிரதியை வைத்திருப்பது திரும்பும்போது உதவும். ட்ரோன் வேறு விடயம்: சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையினதும் பாதுகாப்பு அமைச்சினதும் அனுமதி இல்லாமல் அதைக் கொண்டுவருவது வீண் சிக்கல்.

ஊருக்கு வந்த பிறகு

புத்தளம் களப்பும் உப்பளங்களும் சூழ்ந்த ஊர். கடற்காற்றில் உப்பு, கோடையில் தூசு, மாரியில் ஈரம். கடற்கரையில் எடுத்த பின் சற்று ஈரமான துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து உலரவிடுங்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தாலே பூஞ்சணத்தைப் பெருமளவு தடுக்கலாம். தோல் பைக்குள் மாதக்கணக்கில் பூட்டிவைப்பதுதான் லென்ஸுக்குக் கேடு.

வாங்கிவரும் உறவினருக்கு மொடல் பெயரை மட்டும் அனுப்பாதீர்கள். மேலே சொன்ன சோதனைகளையும் அனுப்புங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பாவது வாங்கச் சொல்லுங்கள்; பழுது தெரிந்தால் அதே கடைக்குத் திரும்பப் போக நாள் இருக்கும். பற்றுச்சீட்டையும் தொடர் இலக்கத்தையும் அங்கிருந்தே படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சோதித்துப் பார்க்க விடாத கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காமல் வரச் சொல்லுங்கள்.