கூகை 1, குரல் மட்டும்

நற்றிணையின் 83ஆம் பாடலில் ஒரு தோழி கூகைக்கு லஞ்சம் கொடுக்கப் பார்க்கிறாள். ஊர் வாசலில், தண்ணீர்த் துறையை ஒட்டி, தெய்வம் உறையும் முதிய மரம் ஒன்று. அதில் நெடுநாளாகக் குடியிருக்கும் கூகையிடம் பேரம் பேசுகிறாள். நெய்யும் கறியும் சேர்ந்த சோறு தருகிறோம், கூடவே சுட்ட எலியும் உண்டு. எங்கள் ஆளுக்காகத் தூங்காமல் காத்திருக்கும் நேரத்தில் மட்டும் பயமுறுத்திக் கத்தாதே. அவ்வளவுதான் கோரிக்கை.

பறவைப் பட்டியல் போடுகிற பழக்கம் வந்த பிறகு இந்தப் பாட்டை என்னால் காதல் பாட்டாக மட்டும் படிக்க முடியவில்லை. அதில் இருப்பது நல்ல களக் குறிப்பு. இடம்: நீர்த்துறை ஓரத்து முதிய மரம். அலகு: வளைந்தது. கண்: தெளிவானது. நகம்: கூர்மை. குரல்: பறை மாதிரி. உணவு: எலி. இன்றைக்கு ஒரு தன்னார்வலர் தன் குறிப்பேட்டில் எழுதுவதும் ஏறக்குறைய இதையேதான்.

ஒன்று மட்டும் இல்லை. முகம்.

இன்று நாம் கூகை என்றும் வெண்கூகை என்றும் சொல்கிற பறவையைப் பார்த்த யாரும் முதலில் சொல்வது முகத்தைத்தான். இதய வடிவத்தில் வெள்ளை முகம், நடுவில் இரண்டு கரிய கண்கள். இரவில் வண்டி வெளிச்சத்தில் குறுக்கே போனால் ஒரு வெள்ளைத் துணி பறந்த மாதிரி இருக்கும். அதன் குரலும் பறை இல்லை. இழுத்துக் கீச்சிடும், சீறும். தொல்காப்பிய மரபியலும் கூகையை மரத்தில் வாழ்வதாகச் சொல்லி, அதற்குக் கோட்டான் என்ற பெயரும் உண்டு என்கிறது. நம் காலத்துக் கூகையோ கட்டடங்களோடு ஒட்டிக்கொண்டது. கோபுரம், பழைய பங்களா, பாழடைந்த கிட்டங்கி, இவைதான் அதன் இருப்பிடம். நீரோரத்துப் பெருமரம், ஆழ்ந்த முழக்கம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நற்றிணையின் பறவை மீன் ஆந்தையாகக்கூட இருக்கலாம் என்பது என் ஊகம். பெயர் ஒன்று, பறவை ஒன்றுதானா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த உத்தரவாதத்தைப் பற்றியது. ஒரு பறவையை இதுதான், இங்கேதான், இத்தனை மணிக்கு என்று எழுதிவைப்பது எப்போது தொடங்கியது? எழுதாமல் விட்டால் என்ன போகும்?

*

எனக்கு இந்தக் கேள்வி வந்த இடம் சேவுகம்பட்டி. திண்டுக்கல் மாவட்டம், நிலக்கோட்டை வட்டத்தில், பட்டிவீரன்பட்டிக்குப் பக்கத்துப் பேரூராட்சி. மேற்கே பார்த்தால் கீழ்ப் பழனி மலை. கீழே தென்னை, வாழை, நெல். வாரநாட்களில் மென்பொருள் எழுதுகிறேன். விடுமுறையில் இந்தப் பக்கம் வந்து பறவைகளைக் குறித்து இ-பேர்டில் பதிவேற்றுகிறேன். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய பொதுத் தரவுத்தளம் அது. யாரும் எழுதலாம், யாரும் படிக்கலாம்.

இரவில் டார்ச்சும் நோட்டுமாக ஒருத்தன் தென்னந்தோப்பு ஓரம் நின்றால் ஊர் சும்மா விடாது. ஒரு பெரியவர் கேட்டார்.

"தம்பி, எதப் பாக்குறீங்க?"

"கூகைங்கய்யா. வெள்ளை மூஞ்சி ஆந்தை."

"அத எதுக்கு எழுதுறீங்க? ஆகாத பறவையில்ல."

"எலி புடிக்கிற பறவைதானுங்களே?"

"அது தெரியாதா? களத்துல நானே பாத்துருக்கேன். வயக்காட்டுல இருந்தா நல்லது. வீட்டு மேல உக்காந்தா ஆகாது."

இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. அவரிடம் இரண்டு கணக்கு இருந்தது. களத்துக் கணக்கு ஒன்று, கூரைக் கணக்கு ஒன்று. முதல் கணக்கு துல்லியமானது. எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. இரண்டாவது கணக்குக்குத்தான் தமிழில் நீண்ட எழுத்து வரலாறு இருக்கிறது.

*

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டை விவரிக்கும் பகுதியில் கூகையின் குரல் சாகப்போகிறவர்களைக் கூப்பிடுகிறது. புறநானூற்றின் 364ஆம் பாடலில், முதுமரப் பொந்திலிருந்து கூகைக்கோழி கத்தும் இடுகாடு வருகிறது. அதைப் பாடியவரின் சொந்தப் பெயர் நமக்கு இல்லை. கூகைக்கோழியார் என்றே நிற்கிறார். பறவையின் பெயர் மனிதரின் பெயரை விழுங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பறவை நூல்களில் இந்தப் பறவைக்குத் தமிழ்ப் பெயராக ஏறியிருப்பது சாவுக்குருவி.

விதிவிலக்கு திருக்குறள். 481ஆம் குறளில் பகல் என்றால் காக்கை கூகையை வென்றுவிடும் என்கிறார் வள்ளுவர். காலமறிதலுக்குச் சொன்ன உவமை, ஆனால் கண்ணால் கண்டது. இன்றும் பகலில் ஆந்தையைத் தேடுகிறவர்கள் காக்கையும் கரிச்சானும் கூட்டமாகக் கத்தும் மரத்தைத்தான் முதலில் போய்ப் பார்ப்போம். சோ. தர்மன் தன் ‘கூகை’ நாவலில் இந்தப் பகல் நேரத் துரத்தலையே தலித் வாழ்வின் உருவகமாக்கினார். அங்கே கூகை நமக்குச் சாவு சொல்கிற பறவை அல்ல. மற்றவர்களால் துரத்தப்படுகிற பறவை. நவீனத் தமிழ் இலக்கியம் அதை மறுபக்கத்திலிருந்து பார்த்த இடம் இது.

ஆனால் இலக்கியம் எதுவானாலும் கூகை அதில் நமக்காக வருகிறது. நம் சாவு, நம் காதல், நம் சாதி. அதன் பாட்டுக்கு அது எங்கே இருந்தது என்பது யார் பொறுப்பும் இல்லை.

*

அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்ட முதல் எழுத்துகள் காலனி ஆட்சியோடு வந்தன. அன்றைக்குப் பதிவு என்றால் துப்பாக்கி. சுட்டு, தோலுரித்து, பஞ்சு அடைத்து, சீட்டு கட்டினால்தான் ஒரு பறவை இருந்ததாக அர்த்தம்.

மதராஸ் படையின் மருத்துவர் தாமஸ் ஜெர்டன் 1839இல் நீலகிரியிலிருந்து ஓர் ஆந்தையை விவரித்தார். கூகை மாதிரியே முகம், ஆனால் கால் நீளம். அதன் அறிவியல் பெயரிலேயே அந்த நீளம் இருக்கிறது: டைட்டோ லாங்கிமெம்பிரிஸ், அதாவது புல்வெளிக் கூகை. இரண்டு கூகைகள் வேறுவேறு என்பது இப்படித்தான் தாளில் ஏறியது.

சேவுகம்பட்டியிலிருந்து தெரிகிற அந்த மலைக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. அகமதுநகர் பக்கம் வேலை பார்த்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஃபேர்பேங்க் பழனி மலையில் பறவைகளைச் சேகரித்தார். 1869இல் பிளான்ஃபோர்டு ஒரு சிலம்பனுக்கு அவர் பெயரை வைத்தார். பழனி மலைப் பறவைகள் பற்றி ஃபேர்பேங்க் எழுதியது 1877இல் ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ இதழில் வந்தது. குளிருக்காக மலையேறியவர்கள் மலைப் பறவையை எழுதினார்கள். புதிய இனம் கிடைப்பதும் அங்கேதான். அடிவாரத்துக் களத்துமேட்டில் எலி பிடிக்கிற பொதுப் பறவைக்கு அந்த ஆர்வம் திரும்பக் காரணம் இல்லை.

‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ இதழை நடத்தியவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885இல் காங்கிரஸ் தோன்றக் காரணமானவர் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அவரேதான். அதிகாரிகள், மருத்துவர்கள், பாதிரியார்கள் என்று நாடு முழுக்கச் சம்பளம் இல்லாத பார்வையாளர்களை அவர் கடிதத்தால் இணைத்தார். இன்றைய தன்னார்வலர் வலைக்கு அது முன்மாதிரி. வித்தியாசம் ஒன்றுண்டு: பறவை எந்தப் பொந்தில் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்த உள்ளூர்க்காரர்களின் பெயர் அந்த எழுத்துகளில் பெரும்பாலும் இல்லை.

ஹியூமின் கதை மோசமாக முடிந்தது. இந்தியப் பறவைகள் பற்றி அவர் எழுதப்போகும் பெருநூலுக்காகப் பல வருஷம் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளைச் சிம்லா வீட்டு வேலைக்காரர் ஒருவர் பழைய பேப்பர் விலைக்குக் கடையில் போட்டுவிட்டார். ஹியூம் மனம் விட்டு, சுமார் 80,000 தோல்களையும் முட்டைகளையும் 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பேக்கப் இல்லாத தரவு என்ன ஆகும் என்பதற்கு என் துறையில் சொல்லும் எந்தக் கதையையும்விட இது பெரியது.

*

தோலை வைத்துப் பெயரிட்டவர்களில் ஒருவராவது காதைத் திறந்து வைத்திருந்தார். 1929இல் எர்ன்ஸ்ட் ஹார்ட்டர்ட் நம் பகுதிக் கூகைக்கு வைத்த கிளையினப் பெயர் ஸ்டெர்ட்டன்ஸ். லத்தீனில் ‘குறட்டை விடுவது’. கூட்டுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இந்தப் பெயர் உடனே புரியும். குஞ்சுகள் பசியில் எழுப்பும் சத்தம் அப்படியே குறட்டைதான். பாழடைந்த கட்டடத்துக்குள் நடுராத்திரியில் யாரோ மூச்சை இழுத்து இழுத்துத் தூங்குகிற மாதிரி. பேய் பங்களாக் கதைகளில் எத்தனை இந்தக் குஞ்சுகளின் பசியோ!

பெயர் அதோடு நிற்கவில்லை. 1769இல் ஸ்கோபோலி ஐரோப்பியப் பறவைக்கு ஆல்பா என்றும், 1788இல் க்மெலின் ஜாவாப் பறவைக்கு ஜாவானிகா என்றும் பெயரிட்டார்கள். பிறகு நெடுங்காலம் உலகத்துக் கூகை எல்லாம் பெரும்பாலும் ஆல்பா என்ற ஒரே இனமாகவே எண்ணப்பட்டது. 2024இல் இ-பேர்ட் அதை அமெரிக்க, மேற்கத்திய, கிழக்கத்திய என்று மூன்றாகப் பிரித்தது. நம் பறவை மறுபடி ஜாவானிகா. உலகமெங்கும் இருந்த பழைய பதிவுகள் இடத்தைப் பார்த்துத் தானாகப் பெயர் மாறின. தேதியும் இடமும் ஒழுங்காக இருந்ததால்தான் அது முடிந்தது. நற்றிணைக்கு அப்படிச் செய்ய வழியில்லை. பெயரை நாளைக்கு யாரும் திருத்தலாம். இடத்தையும் நேரத்தையும் அன்றைக்கே எழுதினால்தான் உண்டு.

*

பெரியவர் சொன்ன களத்துக் கணக்கை அறிவியல் எழுதியது தமிழ்நாட்டிலேயேதான். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் நீலநாராயணன், நாகராஜன், கனகசபை ஆகியோர் 1990களில் கூகையின் கூட்டையும் இரையையும் ஆராய்ந்தார்கள். கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டையை நனைத்துப் பிரித்தால் மண்டையோடும் தாடையும் கிடைக்கும். வயல் எலியா, சுண்டெலியா, மூஞ்சூறா என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். பறவையைத் தொடாமல், சுடாமல், ஏன், பார்க்காமலேகூட அதன் சாப்பாட்டை எழுதலாம்.

மலேசியாவில் இதே கணக்கு தோட்ட நிர்வாகமாகவே மாறியது. தமிழர்கள் உழைத்த செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கம்பங்களில் மரப்பெட்டி நிறுத்திக் கூகையைக் குடிவைத்தார்கள். மலாய் மொழியில் ஆந்தைக்குப் பெயர் புரோங் ஹந்து, பேய்ப் பறவை. பேய்க்கு வீடு கட்டிக் கொடுத்த தோட்டங்கள் அவை.

*

சேவுகம்பட்டியில் நான் எழுதும் வரிகள் பெரும்பாலும் சின்னவை. தேதி, நேரம், ‘கூகை 1, குரல் மட்டும்’. பல இரவுகளில் கூகையே இல்லை. அந்த ‘இல்லை’யும் தரவு. ஒரு மணி நேரம் நின்று கேட்டும் கேட்கவில்லை என்பதை எழுதினால்தான் நாளைக்குக் குறைந்ததா கூடியதா என்று ஒப்பிட முடியும். பறவை பார்ப்பவர்கள் அதிகம் போவது காலையில். அதனால் எந்த ஊரின் பட்டியலும் பகலின் பட்டியலாகவே இருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னாலேயே இருக்கிற ஒரு பறவை அபூர்வம் போலத் தோன்ற இதுவே போதும்.

எழுதுவதில் ஆபத்தும் உண்டு. 2010இல் டிராஃபிக் இந்தியா அமைப்புக்காக அப்ரார் அகமது தயாரித்த அறிக்கை, நாட்டில் உள்ள சுமார் 30 ஆந்தை இனங்களில் 15 சட்டவிரோத வணிகத்தில் இருப்பதைக் காட்டியது. மாந்திரீகத்துக்கும் பூஜைக்கும் பிடிக்கிறார்கள். தீபாவளியை ஒட்டி அது கூடுகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அப்படியிருக்க ஒரு கூட்டின் துல்லியமான இடத்தை ஊரறியப் போடுவது முகவரி கொடுப்பதுதான். நான் பேரூராட்சிப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். எந்தக் கட்டடம், எந்தப் பொந்து என்பது நோட்டில் மட்டும்.

ஆனால் முழுக்க மறைத்தாலும் பறவை பிழைக்காது. ஓட்டு வீடு போய் கான்கிரீட் வருகிறது. பழைய கிட்டங்கி இடிகிறது. கோபுரத் திருப்பணியில் புறா வராமல் வலை அடிக்கிறார்கள். எலிக்கு வைத்த விஷம் எலி வழியாகக் கூகைக்குப் போகிறது. இதில் எதையும் யாரும் கூகை மேல் கோபத்தில் செய்வதில்லை. அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். இருந்தது என்று எழுதப்படாத பறவை போய்விட்டது என்று சொல்லவும் வழியில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஒரு பழைய கட்டடம் இடிக்கப்போகிறார்கள் என்றால் அதற்கு முன்னால் ஒரு நடை போங்கள். தரையில் கருத்த உருண்டைகள் கிடக்கின்றனவா, சுவரில் வெள்ளை எச்சம் வழிந்திருக்கிறதா, இருட்டிய பிறகு உள்ளே யாராவது குறட்டை விடுகிறார்களா என்று பாருங்கள். குஞ்சு இருந்தால் அது பறக்கும்வரை சில வாரம் பொறுக்கச் சொல்லிப் பாருங்கள்; மூடநம்பிக்கை பற்றிப் பிரசங்கம் வேண்டாம், எலிக் கணக்கைச் சொன்னால் போதும், அது ஊருக்கு ஏற்கெனவே தெரியும். பிறகு வீட்டுக்கு வந்து தேதியையும் ஊரையும் எண்ணிக்கையையும் எழுதுங்கள். பெயர் சரியா என்று பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.