மழைக்கு முன்பே அனுமதி



வானொலிப் பெட்டி வைத்திருக்கவே ஒரு காலத்தில் உரிமம் தேவைப்பட்டது. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் அப்படி விதித்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தினார்கள். 1980களில்தான் அது நீங்கியது. கேட்பதற்கே இப்படியென்றால், பேசும் உரிமை எளிதில் வருமா?

வான் அலைகள் பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002இன் இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு வழி திறந்தது. 2004 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பண்பலை ஒலித்தது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் அரசியல் அமைப்புகளுக்கு உரிமம் இல்லை. விளம்பரத்துக்கு மணிக்குச் சில நிமிடங்களே. சொந்தமாகச் செய்தி வாசிக்கவும் தடை. பகையை மூட்டும் குரலுக்குக் கடிவாளம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சிறிய நிலையம் நடத்துவோருக்கு இது பெரும் சுமை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கடலூர் மூழ்கியபோது, தற்காலிக அனுமதியுடன் 107.8இல் பேரிடர்க்கால வானொலி பேசத் தொடங்கியது. மனமிருந்தால் அனுமதி விரைந்து வரும் என்று அன்று கண்டோம்.

ஆனால் இத்தகைய சிறு நிலையத்தின் ஒலி சுமார் 10 முதல் 15 கிலோமீட்டர்தான் செல்லும். கடலூரில் பேசினால் சிதம்பரத்துக்குக் கேட்காது; கொள்ளிடக் கரைக்கும் எட்டாது. ஊருக்கு ஒரு குரல் வேண்டும். அதற்கான அனுமதியை வெள்ளம் வந்தபின் அல்ல, மழைக்கு முன்பே கேட்போம்.