சுழலும் தட்டும் சிமிட்டும் விளக்கும்

தமிழ்நாட்டு வீடுகளின் வாசல் சுவரில் இரண்டு தலைமுறை மின் மீட்டர்கள் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் அலுமினியத் தட்டு சுழலும் பழைய மீட்டர் ஒன்று. திரையில் எண்கள் மாறி மாறி வரும் டிஜிட்டல் மீட்டர் மற்றொன்று. மத்திய மின்சார ஆணையம் 2006-இல் கொண்டுவந்த விதிமுறைகள் நுகர்வோருக்கு மின்னணு மீட்டரே பொருத்த வேண்டும் என்றன. அதன்பின் தட்டு மீட்டர் அருகிக்கொண்டே வருகிறது. "புது மீட்டர் மாட்டினதிலிருந்து கரண்ட் பில் எகிறுது" என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. அதில் எவ்வளவு உண்மை என்று அறிய, இரண்டையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தட்டு மீட்டருக்கு 1889-இல் காப்புரிமை பெற்றவர் ஹங்கேரியப் பொறியாளர் ஓட்டோ பிளாதி. உள்ளே இரண்டு சுருள்கள்: ஒன்று மின்னழுத்தத்தை உணரும், மற்றது மின்னோட்டத்தை. இரண்டும் சேர்ந்து தட்டைத் தள்ள, ஒரு நிரந்தரக் காந்தம் அதை இழுத்துப் பிடிக்கும். வீடு இழுக்கும் வாட் எவ்வளவோ அவ்வளவு வேகம். டிஜிட்டல் மீட்டரில் அசையும் பாகமே கிடையாது. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் நொடிக்குப் பலமுறை அளந்து பெருக்கிக் கூட்டுகிறது. குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் ஒரு சிறு சிவப்பு விளக்கு சிமிட்டும்.

இரண்டிலும் முகப்பில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். பலரும் கவனிக்காத அந்த எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. பழையதில் 600 என்றிருந்தால், தட்டு 600 முறை சுற்றினால் ஒரு யூனிட். புதியதில் 3200 என்றிருந்தால், 3200 சிமிட்டல் ஒரு யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 75 வாட் மின்விசிறி ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். தட்டின் விளிம்பிலுள்ள கறுப்புக் கோடு திரும்பக் கண்ணுக்கு வர 80 நொடி ஆகும். டிஜிட்டலில் 15 நொடிக்கு ஒரு சிமிட்டல். அதே இடத்தில் குறைந்த மின்சாரம் இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறியை மாட்டினால் தட்டுக்கு 200 நொடி. விளக்குக்கு ஏறக்குறைய 37 நொடி. 2000 வாட் கீசரைப் போட்டதும் தட்டு 3 நொடிக்கு ஒரு சுற்று ஓடும். விளக்கோ நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை துடிக்கும். வேகமாகச் சிமிட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு சிமிட்டலும் கணக்கில் மிகச் சிறியது. எண் தெரியாமல் வேகத்தை மட்டும் பார்ப்பதால் வரும் அச்சம் அது.

ஆனாலும் அந்தப் புகாரைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. பல ஆண்டு ஓடிய தட்டு மீட்டரில் தேய்மானமும் தூசியும் சேர்ந்து தட்டு தயங்கும். செட்டாப் பாக்ஸ், சார்ஜர் போன்ற சின்னச் சின்ன இழுப்புகள் அதை நகர்த்தாமலே போய்விடக்கூடும். டிஜிட்டல் மீட்டர் அவற்றையும் விடாமல் எண்ணும். 10 வாட் இரவு பகலாக ஓடினால் 60 நாளில் 14.4 யூனிட். மாற்றியபின் ஏறிய தொகையில் ஒரு பகுதி, இத்தனை நாள் பதிவாகாமல் போனதாக இருக்கலாம்.

கசிவைக் கண்டுபிடிக்க இரண்டும் உதவும். மெயினை விட்டுவிட்டு எல்லா சுவிட்சுகளையும் அணையுங்கள்; பிரிட்ஜ், இன்வெர்ட்டரையும் விடாதீர்கள். அதன்பிறகும் தட்டு சுற்றிக்கொண்டே இருந்தால், விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், எங்கோ மின்சாரம் போகிறது. இங்கே டிஜிட்டல் ஒரு படி மேல்: மின்சாரம் பூமி வழியே திரும்பினால் எச்சரிக்க பல மீட்டர்களில் தனி விளக்கு உண்டு. அது எரிந்தால் உடனே எலக்ட்ரீஷியனை அழையுங்கள். பில்லைவிட உயிர் பெரிது.

எண்ணைப் படிப்பதில் இரண்டிலும் ஒரே பொறி. கடைசியில் சிவப்புக் கட்டத்திலோ புள்ளிக்குப் பின்னாலோ வரும் இலக்கம் பின்னம். அதைச் சேர்த்துப் படித்தால் பயன்பாடு பத்து மடங்காகத் தெரியும். டிஜிட்டல் திரையில் இன்னொரு குழப்பமும் உண்டு. யூனிட்டுக்குப் பிறகு வோல்ட், ஆம்பியர், அதிகபட்ச கிலோவாட் என வரிசையாக வந்து போகும். பொறுமையாக ஒரு சுற்று பார்த்தால், வீடு இந்த நொடி என்ன இழுக்கிறது என்பதைக் கடிகாரம் வைத்துக் கணக்குப் போடாமலே அறியலாம். தட்டு மீட்டரால் இதைத் தர முடியாது.

அளவு, துல்லியம், பாதுகாப்பு எதில் பார்த்தாலும் டிஜிட்டல் மீட்டரே சிறந்தது என்பது என் முடிவு. தட்டு மீட்டருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு: மோட்டார் போட்டதும் தட்டு விர்ரென்று ஓடுவதை எழுத்தறியாத பாட்டியும் பார்த்துப் புரிந்துகொண்டார். அந்தக் கவனம் மீட்டரோடு போய்விட்டது என்பதுதான் எனக்கு வருத்தம். அதை நாமே மீட்டாக வேண்டும்: ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். தொடக்கத்தில் ஒரு பகுதி யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டினால் சலுகையில் ஒரு பகுதி போய்விடும். அவர் வந்து சொல்லும்போது தெரிந்து பயனில்லை. 60 நாளுக்கு 500 என்றால் வாரத்துக்கு 58 யூனிட். ஞாயிற்றுக்கிழமைதோறும் மீட்டர் எண்ணைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கழித்துப் பார்த்து 58-ஐ மீறினால், அந்த வாரமே ஏ.சி.யையும் கீசரையும் கவனியுங்கள்.