பொஸ்ரன் தேயிலையும் திருகோணமலைக் கோட்டையும்

சில ஆண்டுகளுக்கு முன் எமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவாகத் திருகோணமலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கோணேசர் கோயிலுக்குச் செல்லும் பாதை பிறெட்றிக் கோட்டை வாயிலூடாகவே போகிறது. அவ்வாயிலில் இரண்டு கயல்மீன்களும் சில தமிழ் எழுத்துகளும் பொறித்த கல்லொன்று உண்டு. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி அழிப்பான் என்றும், அவனுக்குப் பின்னும் அந்நியர் பலர் வருவர் என்றும் கூறும் பழைய பாடலொன்றின் சிதைவே அவ்வெழுத்துகள் என்பர். பறங்கிக்குப் பின் வருவோரை அப்பாடல் நாட்டின் பெயராற் குறிப்பிடுவதில்லை. கண்ணின் தோற்றத்தாலேயே குறிப்பிடுகின்றது. தமிழாசிரியன் என்ற முறையில் அந்த அழகை விளக்கிக்கொண்டிருக்கையில், இக்கோட்டை 1782ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு தடவை கைமாறியது என்றும் சொல்லிவைத்தேன். ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தனர். ஓகஸ்ற் முடிவில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பிடித்தனர்.

பின்வரிசையில் நின்ற மாணவன் ஒருவன் கேட்டான்: "ஒல்லாந்தர் இங்கிலிசுக்காரருக்கு அப்படி என்ன செய்தவை, சேர்?"

"அது ஐரோப்பாவில் நடந்த சண்டையடா" என்று சொல்லிக் கோயிலை நோக்கி நடந்துவிட்டேன். பாடநூல்கள் தரும் விடையும் ஏறத்தாழ அதுவேதான். ஆயினும் அந்த விடை எனக்கே நிறைவு தரவில்லை. வீடு திரும்பியபின் நூல்களைப் புரட்டினேன். அவனுக்குரிய விடையைத் தேடிப் போனால் ஐரோப்பாவுக்கும் அப்பால், அமெரிக்காவின் பொஸ்ரன் துறைமுகத்தில் 1773 டிசெம்பர் 16ஆம் திகதி இரவு கடலிற் கொட்டப்பட்ட 342 தேயிலைப் பெட்டிகள் வரை போகவேண்டியிருந்தது. தேயிலை என்றதும் நம்மவர்க்கு மலைநாடு நினைவுக்கு வரும். அக்காலத்தில் இலங்கையில் தேயிலைத் தோட்டமே இல்லை. அது சீனத்துத் தேயிலை. அதனை அங்கே அனுப்பியது, சென்னப்பட்டினத்தில் இருந்து தமிழகத்தை மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டிருந்த அதே கிழக்கிந்தியக் கம்பனி.

கம்பனி ஏன் அமெரிக்காவிற்குத் தேயிலை அனுப்பியது? 1757இல் பிளாசியில் வென்று, 1765இல் வங்காளத்தின் வரி வசூலிக்கும் உரிமையையும் அது பெற்றுக்கொண்டது. நாடு பிடித்தவனுக்குச் செல்வம் குவியும் என்று பொதுவாக எண்ணுகிறோம். நடந்தது வேறு. படைச் செலவு ஏறியது. பங்குதாரர்க்குப் பெருந்தொகை பகிரப்பட்டது. 1770இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. 1772இல் கம்பனி அரசிடம் கடன் கேட்டு நின்றது. இலண்டன் பண்டகசாலைகளில் ஒரு கோடி இறாத்தலுக்கும் மேற்பட்ட தேயிலை விற்காமற் கிடந்தது. அரசாங்கமோ ஏழாண்டுப் போரிற் பட்ட கடனைத் தீர்க்க அமெரிக்கக் குடியேற்றங்களிடம் வரி கேட்டுக்கொண்டிருந்தது. கம்பனியைக் காப்பாற்றவும் வரியுரிமையை நிலைநாட்டவும் ஒரே வழியாகத் தேயிலைச் சட்டம் 1773இல் வந்தது. அதற்குப் பொஸ்ரன் மக்கள் அளித்த விடையே அந்த டிசெம்பர் இரவு.

1775இல் அமெரிக்காவிற் சண்டை மூண்டது. அது அவ்வளவில் நின்றிருந்தால் ஒரு பேரரசின் உள்வீட்டுச் சண்டையாகவே முடிந்திருக்கும். 1777 ஒக்ரோபரில் சரட்டோகாவில் பிரித்தானியப் படையொன்று முழுமையாகச் சரணடைந்தது. ஏழாண்டுப் போரிற் கனடாவையும் இந்தியாவில் தன் செல்வாக்கையும் இழந்திருந்த பிரான்சு இத்தருணத்திற்கே காத்திருந்தது. 1778 பெப்ரவரி 6ஆம் திகதி அமெரிக்கரோடு நட்புடன்படிக்கை செய்துகொண்டது. முடிமன்னன் ஒருவன் குடியரசுக்காரருக்குக் கைகொடுத்த விந்தை அது. ஸ்பானியாவோ அமெரிக்கரோடு எந்த உடன்படிக்கையும் செய்யவில்லை. ஜிப்ரால்ரரை மீட்கும் ஆசையாற் பிரான்சோடு மாத்திரம் கூடி, 1779இற் போரில் இறங்கியது. ஒரே போரில் ஒவ்வொருவரும் வெவ்வேறு போரை நடத்தினர்.

பிரான்சு போரில் இறங்கியதும் இந்தியாவில் இருந்த பிரெஞ்சுத் துறைகளைக் கம்பனி பறிக்கத் தொடங்கியது. 1778 ஒக்ரோபரில் புதுச்சேரி வீழ்ந்தது. அடுத்த மார்ச்சில் மலையாளக் கரையிலுள்ள மாஹி வீழ்ந்தது. இவ்விடத்தேதான் மைசூர் ஹைதர் அலி கதைக்குள் வருகின்றான். மாஹி தன் பாதுகாப்பில் உள்ளதென்பது அவன் நிலைப்பாடு. அவனுக்கு வேண்டிய ஆயுதங்கள் வரும் துறையும் அதுவே. ஆங்கிலேயர்மேல் அவனுக்குப் பழைய மனக்கசப்பும் இருந்தது. முந்திய போரின் முடிவில், 1769இல், ஒருவருக்கொருவர் உதவுவதாகக் கம்பனி அவனோடு உடன்படிக்கை செய்திருந்தது. மராத்தியர் அவனைத் தாக்கியபோது கம்பனி அசையவில்லை. 1780 ஜூலையில் அவன் பெரும்படையோடு கணவாய்களைக் கடந்து கருநாடகச் சமவெளியில் இறங்கினான். செப்ரெம்பரிற் பொள்ளிலூரிற் கம்பனிப் படையொன்றை அழித்தான்.

இந்தப் பகுதியைப் படைத்தலைவர் வரலாறாக எழுதுவோர் பலர். எனக்கோ தஞ்சையின் நினைவே மேலோங்கி நிற்கிறது. 1781இல் ஹைதரின் படைகள் காவிரிச் சமவெளியிற் புகுந்தன. அணைகளும் வாய்க்கால்களும் சிதைந்தன. ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. மக்களிற் பலர் மைசூருக்குப் பிடித்துச் செல்லப்பட்டனர். நெல்லுக்குப் பேர்போன நாட்டிற் பஞ்சம் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினியால் வாடியோருக்கு, முன்யோசனையோடு அரிசி சேர்த்துவைத்திருந்த பாதிரியார் சுவார்ட்ஸ் உணவு வழங்கினார். ஹைதர் கலாபம் என்று அந்த ஆண்டுகளைத் தஞ்சை மக்கள் நெடுநாள் பேசினர். கலாபம் என்ற சொல்லின் அருமையை நோக்குக. போர் என்றால் இரு பக்கம் உண்டு. கலாபத்திற்குப் பக்கமே இல்லை. அவ்வுழவர்களில் எவரும் பொஸ்ரன் என்ற பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி ஒல்லாந்தரிடம் வருவோம். அவர்கள் இப்போரில் நடுநிலை வகிக்கவே விரும்பினர். நடுநிலையில் இலாபம் அதிகம். கரீபியக் கடலில் சென் யுஸ்ரேஷியஸ் என்ற சின்னஞ்சிறு ஒல்லாந்தத் தீவு, அமெரிக்கருக்கு வெடிமருந்து விற்கும் பெருஞ்சந்தையாகியிருந்தது. பழைய பாதுகாப்பு உடன்படிக்கையின்படி உதவிக்கு வருமாறு பிரித்தானியா கேட்டது, ஒல்லாந்தர் வரவில்லை. நடுநிலைக் கப்பல்களைக் காக்க உருசியப் பேரரசி கத்தரீன் 1780இல் அமைத்த கூட்டில் சேர அவர்கள் ஆயத்தமாயினர். அக்கூட்டிற் சேர்ந்தபின் அவர்களைத் தாக்கினால் உருசியாவையும் பகைக்க நேரும். ஆகவே பிரித்தானியாவிற்கு வேறொரு சாட்டு அவசரமாகத் தேவைப்பட்டது.

சாட்டு கடலில் மிதந்து வந்தது. உருவகமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே மிதந்தது. 1780 செப்ரெம்பரில் ஒல்லாந்தத்திற்குக் கடன் கேட்கச் சென்றுகொண்டிருந்த அமெரிக்கத் தூதர் ஹென்றி லோறன்சின் கப்பலை, நியூபவுண்லாந்துக்கு அப்பால் ஆங்கிலேயர் மடக்கினர். அவர் தம் கடிதப் பையைக் கடலில் வீசினார். பை உடனே தாழவில்லை. ஆங்கிலேயர் கொக்கியால் தூக்கியெடுத்தனர். உள்ளே, அமெரிக்கரும் அம்ஸ்ரர்டாம் நகரத்தாரும் இரண்டாண்டுகளுக்கு முன் வரைந்து பார்த்த உடன்படிக்கை நகலொன்று இருந்தது. அது வெறும் நகலே. ஒல்லாந்த அரசு ஏற்றுக்கொண்டதுமன்று. என்றாலும் போதுமானதாயிற்று. டிசெம்பர் 20ஆம் திகதி பிரித்தானியா ஒல்லாந்தர்மீது போர் சாற்றியது. என் மாணவனின் கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதி அந்தப் பைக்குள் இருந்தது.

மற்றப் பகுதி நமது பருவக்காற்றில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழும்பினால் சோழமண்டலக் கரையில் போர்க்கப்பல் நங்கூரமிட்டு நிற்க இடமில்லை. சென்னப்பட்டினம் திறந்த கடல்; புதுச்சேரியும் அவ்வாறே. ஆங்கிலக் கப்பற்படை ஆண்டுதோறும் பம்பாய் வரை சுற்றிப் போகவேண்டும். அப்பக்கத்தில் எக்காலத்திலும் கப்பல் ஒதுங்கக்கூடிய ஆழ்துறை திருகோணமலை ஒன்றே. அது ஒல்லாந்தர் கையில் உறங்கிக் கிடந்தவரை ஆங்கிலேயர் பொறுத்திருந்தனர். ஒல்லாந்தர் பகைவரானதும், அது பிரெஞ்சுக்காரர் கையிற் போகுமுன் தாம் எடுக்கவேண்டுமென்று துடித்தனர். அட்மிரல் ஹியூஸ் 1781 நவம்பரில் நாகபட்டினத்தையும், 1782 ஜனவரி 11ஆம் திகதி திருகோணமலையின் ஒஸ்ரன்பேர்க் கோட்டையையும் பிடித்தார்.

ஆங்கிலேயருக்கு இனிக் கண்டி மன்னனின் நட்பு வேண்டும். சென்னப்பட்டின ஆளுநர் மக்கார்ட்னி, ஹியூ பொயிட் என்பவரைத் தூதராக அனுப்பினார். இலண்டனை ஒருகாலத்திற் கலக்கிய யூனியசின் கடிதங்களை எழுதியவர் இவரே என்று சிலர் ஐயுற்றதுண்டு, எழுத்து வல்லவர். காடும் மலையும் கடந்து கண்டியை அடைந்தபோது, மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் மறைந்து, தம்பி இராசாதிராசசிங்கன் அரியணையேறி இருந்தான். மதுரை வழிவந்த நாயக்கர் மரபினன், தானும் கவிஞன். ஒல்லாந்தரைத் துரத்த நாம் உதவுகிறோம் என்றார் பொயிட். அரசவை ஒரு பழங்கதையைக் கிளறியது. 1762இல் ஒல்லாந்தரோடு நாம் போரிட்டபோது பைபஸ் என்ற உங்கள் தூதர் வந்து பேசிச் சென்றாரே, அதன்பின் உங்களிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லையே என்று கேட்டது. 1766இல் கண்டி தனித்து நின்று, கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு எழுதிக்கொடுத்தது பொயிட்டுக்கும் தெரியும். அவரிடம் தக்க விடை இல்லை. கம்பனியோடு பேச விருப்பமில்லை, உங்கள் மன்னரே எமக்கு ஓலை எழுதட்டும் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினர்.

பெரிய வல்லரசுகள் யாவும் ஒன்றையொன்று கைகோத்து இழுத்துச் சென்ற அந்நாளில், கையை நீட்டாமல் நின்ற ஒரே அரசவை கண்டி என்பது என் எண்ணம். போர்த்துக்கேயரைத் துரத்த ஒல்லாந்தரை அழைத்ததை, இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியதாகச் சிங்கள மக்கள் பழமொழியாகவே சொல்லி வந்தனர். கண்டியார் அப்பாடத்தை மறக்கவில்லை.

பொயிட் திரும்பும்போது கடலிற் பிரெஞ்சுக்காரர் கையிற் சிக்கினார். அக்கடலில் இப்போது சுப்ரேன் என்ற பிரெஞ்சுத் தளபதி வந்திருந்தார். ஹியூசும் அவரும் 1782இல் மட்டும் நான்கு தடவை மோதினர். ஜூலையில் கடலூரில் ஹைதரைச் சந்தித்த சுப்ரேன், ஓகஸ்ற் 25ஆம் திகதி திருகோணமலைக்கு வந்து, மாதம் முடியுமுன் கோட்டைகளைப் பிடித்தார். ஹியூஸ் செப்ரெம்பர் 2ஆம் திகதி துறைக்கு வெளியே தோன்றியபோது மதிலின்மேல் பிரெஞ்சுக்கொடி பறந்தது. மறுநாள் நடந்த கடற்போரில் இரு பக்கத்துக் கப்பல்களும் பாய்மரம் முறிந்து தத்தளித்தன, யாருக்கும் வெற்றியில்லை.

1783 ஜனவரி 20ஆம் திகதி பிரான்சும் பிரித்தானியாவும் வெர்சேயில் சமாதான முன்னுடன்படிக்கையில் ஒப்பமிட்டன. செய்தி கப்பலேறி வரவேண்டுமே! ஜூன் 20ஆம் திகதி கடலூருக்கு வெளியே ஹியூசும் சுப்ரேனும் ஐந்தாம் முறை மோதினர். கரையில் பிரெஞ்சுப் படையும் கம்பனிப் படையும் அதற்கு முன்னும் பின்னும் ஒன்றையொன்று கொன்றன. கம்பனி வரிசைகளில் நின்றவர்களிற் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். ஜூன் மாதக் கடைசியில்தான் சமாதானச் செய்தி வந்தது. ஐந்து மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்ட போரில் அவர்கள் மடிந்திருந்தனர்.

திருகோணமலை மீண்டும் ஒல்லாந்தரிடம் வந்தது. நாகபட்டினம் ஆங்கிலேயரிடமே தங்கிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பிரான்சின் புரட்சிப் படைகள் ஒல்லாந்தத்தை வென்றபோது, இங்கிலாந்துக்கு ஓடிய ஒறேஞ்சு இளவரசர், ஆங்கிலேயரை நண்பராகக் கோட்டைகளுக்குள் விடுமாறு குடியேற்ற ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார். திருகோணமலைத் தளபதி அக்கடிதத்தை ஐயுற்றுக் கதவைத் திறக்கவில்லை. 1795 ஓகஸ்ற்றில் நண்பர் பீரங்கியோடு மதிலை உடைத்தனர். செப்ரெம்பரில் யாழ்ப்பாணக் கோட்டையும் அடுத்த பெப்ரவரியில் கொழும்பும் அவர்கள் வசமாயின. 1803இல் திருகோணமலைக் கோட்டைக்கு ஆங்கில மன்னரின் மகன் பிறெட்றிக்கின் பெயர் இடப்பட்டது. கயல் பொறித்த கல்லை எவரும் வாயிலிலிருந்து பெயர்க்கவில்லை.